ஆளோடு சேர்த்த எடை

என் அக்கா வீட்டுக்காரரைச் சேலத்து ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்த அன்று அவர் எடை நாற்பத்தொரு கிலோ. அதற்குப் பத்து மாதம் முன்னால் அறுபத்தெட்டு. ஒன்பதாம் நாள் இறந்துபோனார். இடையில் கரைந்த அந்த இருபத்தேழு கிலோவும் எந்த மாதம் எவ்வளவு போனது என்பதை எழுத்தாகக் கையில் வைத்திருந்த ஒரே ஆள் நான். அக்காவிடம் அந்தக் கணக்கு இல்லை, அவரிடமே இல்லை. என்னிடம் இருந்தது. இதை இத்தனை வருடம் கழித்துச் சொல்வதில் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் கிடையாது. சொன்னால் மனசு ஆறும் என்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

கள்ளக்குறிச்சிப் பக்கத்துச் சர்க்கரை ஆலை ஒன்றில் நான் எடைமேடை எழுத்தர். கரும்பு ஏற்றிய டிராக்டரும் மாட்டு வண்டியும் வரிசையாக வந்து இரும்புப் பலகைமேல் ஏறும். நான் கூண்டுக்குள் உட்கார்ந்து கம்பியில் குண்டை நகர்த்தி, முள் நடுவில் நின்றதும் எண்ணைச் சீட்டில் எழுதித் தருவேன். ஐந்து கிலோவுக்குக் கீழே அந்த மேடைக்குக் கணக்குக் கிடையாது. மாட்டு வண்டி ஏறும்போது வண்டிக்காரன் இறங்கக் கூடாது. இறங்கினால் மாடு மிரளும், பலகை ஆடும், முள் நிற்காது. கரும்போடு வரும்போதும் அவன் உட்கார்ந்திருப்பான், இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போதும் உட்கார்ந்திருப்பான். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் கரும்பு மட்டும் மிஞ்சும். ஆள் எடை தன்னால் அடிபட்டுப் போகும். பதினோரு வருடம் இதையே செய்த கைக்கு வண்டி என்றால் ஆளோடு சேர்த்துத்தான் வண்டி.

அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். சங்கராபுரம் ரோட்டில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தார். ஜீப், அம்பாசடர், கரும்பு டிராக்டர் எல்லாம் வரும். நல்ல தொழில்காரர். ஆனால் ஒரு பைத்தியம் உண்டு: ரேஸ். சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் நடக்கும் கார் பந்தயத்தை ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தவர், அதன்பிறகு சோறு தின்னும்போதுகூட கியர் மாற்றிக்கொண்டிருந்தார். ஏற்காட்டு எஸ்டேட் ஒன்றில் கோழி அடைத்து வைத்திருந்த வெளிநாட்டு ரெண்டு சீட்டுக் கார் ஒன்றை எப்படியோ பேசி வாங்கிக்கொண்டு வந்தார். தரையோடு தரையாக இருக்கும் வண்டி. உட்கார்ந்தால் பக்கத்தில் போகிற மாட்டின் வயிறுதான் தெரியும். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் அதைவிட வேகமாகப் போகக்கூடியது எதுவுமில்லை. இருந்தாலும் சோழவரத்துக்கு அது போதாது என்று அவரே சொன்னார்.

"என்ஜின் பவர ஏத்தணும்னா சீமைச் சாமான் வேணும் மச்சான். அதுக்கு நம்ம எங்க போறது? எடைய எறக்கணும்னா ஸ்பேனர் போதும். பத்து கிலோ கம்மியாச்சின்னா வளைவுல தெரியும், பிரேக்ல தெரியும், ஏத்தத்துல தெரியும். நீதான் எடை போடுற ஆளு. இன்னா சொல்ற?"

என்ன சொல்வேன்? எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதுவரை என் தொழிலை யாரும் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. கரும்புக்காரர்கள் திருடன் என்பார்கள், ஆபீசில் குமாஸ்தா என்பார்கள். முதல் தடவையாக ஒருவருக்கு நான் தேவைப்பட்டேன்.

ஒரு நோட்டுப் போட்டேன். ஆலையில் சர்க்கரை மூட்டை நிறுக்கும் தராசில் மாமாவை ஏற்றி, பந்தய விண்ணப்பத்துக்காக அவர் எடையைப் பார்த்தோம்: அறுபத்தெட்டு. நான் அவரை மட்டும் தனியாக எடை போட்டது அந்த ஒரு நாள்தான். பிறகு ஞாயிற்றுக்கிழமை மேலாளரிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, காரை எடைமேடையில் ஏற்றினோம். மாமா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். இறங்கச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. எழுநூற்று அறுபது கிலோ. நோட்டில் வலது பக்கம் எழுதினேன். கழற்றுகிற ஒவ்வொரு சாமானையும் ஷெட்டுக்கு எதிரில் இருந்த காயலாங்கடைத் தராசில் நிறுத்து இடது பக்கம் எழுதுவது, மாதம் ஒரு தடவை காரை இதேபோல் மேடையில் ஏற்றி வலது பக்கம் எழுதுவது என்று ஏற்பாடு.

கழற்ற ஆரம்பித்தோம். முன்னாலும் பின்னாலும் பம்பர். ஸ்டெப்னி, ஜாக்கி, டூல்ஸ் பை. பக்கத்து சீட். கதவுக்கு உள்ளே இருந்த அட்டையும் கண்ணாடியும். தரையில் சத்தம் வராமல் இருக்க ஒட்டியிருந்த தார் ஷீட்டைச் சூடு காட்டிச் சுரண்டியபோது அது மட்டும் ஒன்பது கிலோ வந்தது. அன்றைக்கு மாமா குழந்தைபோலச் சிரித்தார். பெரிய பாட்டரியை எடுத்துவிட்டு மோட்டார் சைக்கிள் பாட்டரி. பெடலில் ஓட்டை, பிராக்கெட்டில் ஓட்டை, நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த போல்ட்டின் வாலை எல்லாம் ரம்பத்தால் அறுத்துப் போட்டார். இரும்புப் பானெட்டுக்குப் பதிலாக ஃபைபரில் ஒன்றைத் தானே வார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். அந்தத் தூசு நாள் கணக்கில் ஷெட்டுக்குள் பறந்துகொண்டிருந்தது.

அவர் இரும ஆரம்பித்தது அப்போதுதான். ஃபைபர் தூசு என்றோம். எல்லோரும் அதையே சொன்னோம்.

மாதத்துக்கு ஒரு தடவை விடிந்ததும் கச்சிராயபாளையம் தாண்டிக் கோமுகி அணைக்குப் போவோம். அங்கிருந்து கல்வராயன் மலைமேல் ஏறும் பாதையில், வெள்ளிமலைக்குப் பாதி தூரத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவு உண்டு. அதுவரை ஏறுவதற்கு எத்தனை நிமிடம் என்று பார்ப்போம். காரில் எனக்கு இடம் கிடையாது என்பதால் நான் முதல் பஸ்ஸில் மேலே போய் வளைவில் நிற்பேன். சாமை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு சந்தைக்கு இறங்குகிற மலைக்காரர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டு போவார்கள். கீழே காட்டுக்குள் என்ஜின் சத்தம் கேட்கும், பிறகு நெருங்கும், பிறகு சிவப்பாக வந்து நிற்கும். தடவைக்குத் தடவை நேரம் குறைந்தது. மாமா இறங்கிப் பாறைமேல் உட்கார்ந்து மூச்சு வாங்குவார். ஏறி வந்தது வண்டிதானே, இவர் எதற்கு இப்படி மூச்சு வாங்குகிறார் என்று ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. கையிலிருந்த கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலாவது மாதமோ ஐந்தாவது மாதமோ, கழற்ற இனி ஒன்றும் இல்லை என்று அவர் சோர்ந்து உட்கார்ந்திருந்தபோது எனக்கு வாய்க்கொழுப்பு.

"இனிமே உங்க தொப்பையத்தான் மாமா கழட்டணும்" என்றேன்.

அவர் சிரித்தார். வயிற்றைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டை விட்டார். முதலில் வேண்டுமென்றேதான் விட்டிருப்பார். பிறகு அவரால் சாப்பிட முடியாமல் போயிருக்கும். எந்த நாளில் ஒன்று மற்றொன்றாக மாறியது என்று எனக்குத் தெரியாது, அவருக்காவது தெரிந்ததா என்றும் தெரியாது. வெளியே இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன.

அக்கா சும்மா இருக்கவில்லை. ஒரு நாள் ஆலை வாசலுக்கே வந்துவிட்டாள்.

"டேய் தம்பி, உங்க மாமா ஒழுங்கா துன்றதே இல்லடா. சட்டைய ரெண்டு தடவ புடிச்சித் தைச்சிட்டேன். சாயங்காலமானா உடம்பு சுடுது. கேட்டா ரேசுக்குன்றாரு. நீயாவது சொல்லக் கூடாதா?"

"ரேஸ்காரங்க எல்லாருமே அப்படித்தான்கா இருப்பாங்க. டிரைவரும் கம்மியா இருந்தாத்தான் வண்டி பறக்கும். உனக்கு அதெல்லாம் புரியாது. வூட்டுக்குப் போ" என்றேன்.

எனக்குப் புரிந்த மாதிரி. அவள் திரும்பிப் போனாள். தம்பி விஷயம் தெரிந்தவன் என்று நம்பித்தான் போனாள். அவளை அப்படி அனுப்பினேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

நோட்டில் இதற்குள் ஒரு கோளாறு தலைகாட்டியிருந்தது. கழற்றிய சாமான்களைக் கூட்டினால் அறுபது கிலோ. அப்படியானால் மேடை எழுநூறு காட்ட வேண்டும். அறுநூற்றுத் தொண்ணூற்றைந்து காட்டியது. ஐந்து கிலோதானே, விட்டுவிட்டேன். அடுத்து சாமான் எண்பது, மேடை அறுநூற்று எழுபது. இப்போது பத்து கிலோ இடிக்கிறது. ஒரு மாதம் நாங்கள் எதையுமே கழற்றவில்லை, உள்பக்கத்துப் பெயிண்டை மட்டும் சுரண்டினோம். அந்த மாதமும் மேடை ஐந்து கிலோ இறங்கியது. "பெயிண்டே அஞ்சி கிலோவா!" என்று மாமா என் தோளைத் தட்டினார். கை எலும்பு பட்டது. வலித்தது என்றுகூட ஞாபகம் இருக்கிறது.

வித்தியாசம் பதினைந்து கிலோ ஆனதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. மாமாவுக்காக இல்லை. என் மேடை தப்புக் காட்டுகிறதோ என்று. தப்புக் காட்டினால் அத்தனை கரும்புக்காரனும் என் சட்டையைப் பிடிப்பான். நல்லவேளையாகத் தராசுகளைச் சோதித்து முத்திரை போடும் ஆய்வாளர் அந்த வாரம் வந்தார். இருபது கிலோ படிக்கற்களை ஒவ்வொன்றாகப் பலகைமேல் அடுக்கி, நாலு மூலையிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். துளி பிசகில்லை. நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருந்தது என்று எழுதும்போது கை கூசுகிறது.

மேடை சரி என்றால் அப்போது தப்பு வேறு எங்கே? எனக்கு உடனே பொறி தட்டியது: காயலாங்கடைத் தராசு. பழைய இரும்பை வாங்குகிறவன் தராசு கம்மியாகத்தான் காட்டும், அதுதானே அவன் பிழைப்பு. பம்பர் நிஜத்தில் பன்னிரண்டு கிலோ இருந்திருக்கும், அவன் தராசு பத்து என்று சொல்லியிருக்கும். கழற்றியது அதிகம், எழுதியது கம்மி. கணக்குக் கச்சிதமாக உட்கார்ந்தது. எங்கள் பக்கத்தில் எவனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பான். அந்தத் தெளிவை நினைத்து எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது.

நேராகக் கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். எனக்குக் கோபம் வந்தால் நாலு கடைக்குக் கேட்கும். கடைக்காரர் வயதானவர், என்னை விடப் பொறுமைசாலி.

"இன்னாங்க நீங்க, தராசு சரியாத்தான் இருக்குது. நான் இன்னாத்துக்கு உங்க சாமான்ல கை வெக்கப் போறேன்? நிறுத்துட்டு நீங்களே எடுத்துக்கினு போறீங்க." பிறகு எதிரில் ஷெட்டைப் பார்த்தபடி குரலைத் தாழ்த்தினார். "அத்த வுடுங்க. உங்க மாமா இன்னாங்க இப்படி எளச்சிக்கினே போறாரு? டாக்டர்கிட்ட காட்னீங்களா?"

"பேச்ச மாத்தாதய்யா! தராசப் பத்திப் பேசு" என்றேன்.

தினம் பார்க்கிற முகத்தில் மாற்றம் தெரியாது என்று எனக்கு ஆறுதல் சொன்னவர்கள் உண்டு. தெருவுக்கு எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து தினம் பார்த்தவருக்குத் தெரிந்ததே. அவர் எடை போடுவதை விட்டுவிட்டு ஆளைப் பார்த்திருக்கிறார். நான் ஆளைப் பார்க்க வேண்டிய இடத்தில் எல்லாம் எண்ணைப் பார்த்தேன். அதற்குப் பிறகு ஒன்றரை மாதத்தில் வித்தியாசம் இருபத்தைந்து ஆனது. சாமான் நூற்றுப்பத்து, மேடை அறுநூற்று இருபத்தைந்து. கடைசித் தடவை காரிலிருந்து இறங்க அவருக்கு என் கை தேவைப்பட்டது. தாழ்வான வண்டி, அப்படித்தான் என்று தூக்கிவிட்டேன்.

புரட்டாசியில் மறியல் வந்தது. இட ஒதுக்கீடு கேட்டு வட மாவட்டம் முழுக்க ரோட்டில் இறங்கிவிட்டார்கள். எங்கள் தெருவிலிருந்தும் போயிருந்தார்கள். ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, ஆலையில் சர்க்கரை லோடு ஏறவில்லை. பிள்ளைகளுக்குப் படிப்பும் வேலையும் கேட்டுப் போன ஜனங்கள். எல்லார்மேலும் கோபப்படுகிற எனக்கு அவர்கள்மேல் மட்டும் அன்றைக்கும் கோபம் வரவில்லை, இன்றைக்கும் இல்லை. மறியலின் இரண்டாம் நாள் காலை மாமா ஷெட்டில் இருமி, கையிலிருந்த பனியன் துணி முழுக்க ரத்தமானது.

பக்கத்து டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்த கொஞ்ச நேரத்திலேயே முகம் மாறிவிட்டார். எலும்புருக்கி நோய், டி.பி., முற்றிவிட்டது, இங்கே முடியாது, சேலத்துக்குப் போங்கள் என்றார். எப்படிப் போவது? ஜீப்காரர்கள் கையை விரித்தார்கள். மரத்தைத் தாண்ட முடியாது, சுற்றிப்போக வழியில்லை. அப்போதுதான் எனக்கு அந்தக் கார் ஞாபகம் வந்தது. பத்துப் பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம். அது ஒன்றைத்தான் தூக்கலாம்.

சீட் ஒன்றுதான் இருந்தது. அதில் நான் உட்கார்ந்தேன், ஓட்ட எனக்கு அவர்தான் கற்றுக்கொடுத்திருந்தார். பக்கத்து சீட் இருந்த இடத்தில் வெறும் தகரத்தில் அக்கா ஒரு கோணியையும் ரெண்டு தலையணையையும் போட்டாள். மாமாவைத் தூக்கி உட்கார வைத்தோம். அவளுக்கு இடமில்லை. "நீ போடா, நான் எப்படியாவது பின்னாலயே வந்துர்றேன்" என்றாள். கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் கூடவே நடந்து வந்தாள்.

சின்னசேலம் தாண்டுவதற்குள் ஐந்து மரம். நைனார்பாளையம் பக்கம் சுற்றிப் பார்த்தேன், அங்கேயும் ஒன்று கிடந்தது. முதல் மரத்தில் கம்பும் கொடியுமாக ஓடி வந்தவர்கள், வண்டிக்குள் தகரத்தில் கிடந்தவரைப் பார்த்ததும் கம்பைக் கீழே போட்டார்கள். ஒருவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "டேய், எல்லாம் வாங்கடா, இந்தப் பக்கம் நாலு பேர் புடிங்க" என்றார். நான் இறங்கி மாமாவையும் இறக்கப் போனேன். "வாணாங்க, அவரு உள்ளயே இருக்கட்டும், அசைக்காதீங்க" என்றார்கள். முன் சக்கரத்தை மரத்துக்கு மேலே தூக்கி, தள்ளி, பின் சக்கரத்தையும் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். மரத்தை வெட்டிப் போட்ட கைகள்தான்.

"இன்னாங்க, வண்டி இவ்ளோ லேசா இருக்குது?" என்று ஒருவர் ஆச்சரியப்பட்டார்.

மாமா கண்ணைத் திறந்து அவரைப் பார்த்துச் சிரித்தார். பத்து மாத உழைப்புக்கு அவருக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான். நான் என்ஜினைக் கிளப்பினேன். தார் ஷீட் இல்லாத வண்டி காது கிழியக் கத்தியது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் முதுகு தகரத்தில் இடித்தது. அந்த ஷீட்டையும் சீட்டையும் நாங்கள்தானே பிடுங்கினோம்.

சேலத்தில் சேர்க்கும்போது மணி மூன்று இருக்கும். நர்ஸும் நானும் இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்து அவரை எடை மெஷின்மேல் நிறுத்தி, பிறகு ஒரு நொடி கையை விட்டோம். முள் நின்றது. முள் பார்க்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாற்பத்தொன்று. அறுபத்தெட்டிலிருந்து கழித்தேன். பிறகு நோட்டின் வலது பக்கம், இடது பக்கம், கடைசி வித்தியாசம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மனசில் வந்து வரிசையாக நின்றன. கடைக்காரர் தராசு சரியாகத்தான் இருந்திருக்கிறது. எடை போட்டது வண்டியை மட்டும் இல்லை, உள்ளே இருந்தவரையும் சேர்த்து. 

டாக்டர் சின்ன வயதுக்காரர். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று எழுதிக்கொண்டே, "எவ்வளவு நாளா எடை குறையுது? தோராயமா சொன்னா போதும்" என்றார்.

நோட்டைத் திறக்கத் தேவைப்படவில்லை. மாசியில் ஐந்து கிலோ, பங்குனிக் கடைசியில் பத்து, ஆனியில் பதினைந்து, அதற்கப்புறம் வேகமாக என்று ஆடி, ஆவணி வரை சொல்லிக்கொண்டே போனேன். நிறுத்த முடியவில்லை. அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இவ்வளவு கரெக்டா எப்படிச் சொல்றீங்க?"

"எழுதி வெச்சிருக்கேங்க."

"எழுதி வெச்சுக்கிட்டே இருந்தீங்களா? பங்குனியிலேயே பத்து கிலோன்னு தெரிஞ்சிருக்கு. அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா மாத்திரையிலேயே சரி பண்ணியிருக்கலாமேங்க. ஏன் வரல?"

 தூங்குகிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த மாமா தலையைத் திருப்பினார். மூச்சு எட்டவில்லை, ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது.

"அவன ஒண்ணும் சொல்லாதீங்க டாக்டர். அது வண்டியோட எடைங்க. பாவம், அவன் என்னைப் பாக்கவே இல்ல."

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார்.